சிங்காசனமும் வாசற்படியும்: குலசேகரப் பெருமாள் திருவுள்ளத்தில் உவமைகள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெருமாள் கோயில்களில் கர்ப்பக்ருஹத்தின் வாயிலில், எம்பெருமானுக்கு நேர் எதிரே கிடக்கும் படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். திருமலைக்குச் சென்று வந்த அடியார்கள் எவரும் இப்பெயரைக் கேட்டிருப்பர். மன்னர்களின் பெயரைக் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் ஏரிகளுக்கும் இட்டு வழங்குவது நம் நாட்டு வழக்கம். சேர நாட்டை ஆண்ட ஒரு பேரரசரின் பெயரோ, வாசலில் கிடக்கும் ஒரு கல்லுக்கு வாய்த்திருக்கிறது. அதனை அவரே விரும்பிக் கேட்டுப் பெற்றார் என்பதுதான் அவருடைய சரித்திரத்தின் ஸாரம்.

குலசேகராழ்வார் தத்துவ நூல் எதுவும் இயற்றவில்லை. சேஷத்வம், பாரதந்த்ர்யம், அநந்யகதித்வம் என்று பின்னாளில் நம் ஆசார்யர்கள் பெயரிட்டு விளக்கிய அர்த்தங்களை அவர் குருகாகவும் மீனாகவும், குழந்தையாகவும் நோயாளியாகவும், பறவையாகவும் பயிராகவும் காட்டினார். அவருடைய உவமைகள் பாட்டுக்கு இட்ட அணிகலன்கள் என்று எண்ணிக் கடந்து போனால், அவர் சொல்ல வந்த தத்துவத்தையே கடந்து போனவர்களாவோம். பாசுரங்களுக்குப் பதவுரையும் வ்யாக்யானமும் அன்பர்கள் அறிந்தவையே. ஆகவே இங்கு பாசுரங்களை எடுத்து எழுதாமல், ஆழ்வாருடைய திருவாழ்க்கையோடு அவ்வுவமைகளைச் சேர்த்து அநுபவிக்க முயல்கிறோம்.

அரசர்

மலைநாட்டில், இன்று கொடுங்கல்லூர் என வழங்கும் ஊரை ஒட்டிய திருவஞ்சிக்களத்தில், மாசி மாதம் புனர்பூச நக்ஷத்திரத்தில் ஆழ்வார் திருவவதாரம் செய்தருளினார். புனர்பூசம் சக்ரவர்த்தித் திருமகனுடைய திருநக்ஷத்திரம். எம்பெருமானுடைய திருமார்பில் விளங்கும் கௌஸ்துபத்தின் அம்சம் இவர் என்பது நம் பெரியோர்களின் நிர்வாஹம். தந்தையார் திடவிரதன் என்னும் சேர மன்னர். குருபரம்பரை இவரைக் கலியுகத் தொடக்கத்தில் வைக்கிறது. கல்வெட்டும் இலக்கியமும் ஆராய்வோரில் பலர் கி.பி. 9-ஆம் நூற்றாண்டை ஒட்டி வைப்பர்.

தம் திருமொழிகளின் முடிவில் அவர் தம்மைக் கொல்லி மலைக்குக் காவலராகவும், கூடலுக்கு நாயகராகவும், கோழி என்னும் உறையூருக்குத் தலைவராகவும் சொல்லிக்கொள்கிறார். வேலையும் படையையும் குடையையும் அவர் மறைக்கவில்லை. இதனை நாம் நினைவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் துறக்க விரும்பியவர் தம் பட்டங்களை ஏன் பாட்டில் விட்டுவைத்தார் என்று கேள்வி எழும். எங்கிருந்து இறங்கினார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் இறங்கினார் என்று தெரியும் என்பதே நமக்குத் தோன்றும் விடை.

ராம பக்தர்

இவருடைய ராம பக்தியைப் பற்றிய நிகழ்ச்சி எல்லாரும் அறிந்ததே. அரசவையில் நாள்தோறும் ஸ்ரீராமாயண உபந்யாஸம் நடைபெற்று வந்தது. ஒருநாள் பௌராணிகர் ஆரண்ய காண்டத்தில் கரனும் தூஷணனும் 14,000 அரக்கர்களோடு எதிர்த்து வந்ததையும், பிராட்டிக்குக் காவலாக இளைய பெருமாளை நிறுத்திவிட்டுப் பெருமாள் தனியே போருக்கு நின்றதையும் சொன்னார். ஆழ்வார் எழுந்தார். நால்வகைச் சேனையும் உடனே புறப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். பௌராணிகர் நிலைமையை உணர்ந்து, பெருமாள் ஒருவராகவே நின்று அத்தனை அரக்கரையும் முடித்ததை விரைந்து சொன்ன பிறகே அவர் அமர்ந்தார். மற்றொரு நாள் பிராட்டியைப் பிரிந்த கட்டம் வந்தபோது இலங்கையை நோக்கிப் புறப்பட்டுக் கடலிலேயே இறங்கிவிட்டார் என்றும், பெருமாள் பிராட்டியோடு ஸேவை ஸாதித்துக் கரையேற்றினார் என்றும் பெரியோர் சொல்வர்.

இதைப் பித்து என்று சொல்லிவிடலாம். ஆழ்வாரும் அந்தப் பெயரை மறுக்கமாட்டார். மூன்றாம் திருமொழியில், உலகத்தார்க்குத் தாம் பேயன் என்றும், தமக்கு உலகத்தார் பேயர் என்றும் சொல்லிக்கொண்டவர் அவர். ஆயினும் இந்நிகழ்ச்சியில் அவருடைய கவித்வத்தின் வேர் தெரிகிறது. நமக்கு இராமாயணம் என்றோ நடந்த கதை. அவருக்கோ, சொல் காதில் விழுந்த கணமே அங்கு நடப்பது இங்கு நடக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவில் நம்மைத் தடுக்கும் சுவர் அவர்க்கு இல்லை. இத்தகையவர் ஓர் உவமையைச் சொல்லும்போது, அதனை வெளியே நின்று காட்டுவதில்லை. அதற்குள் புகுந்து நின்று பேசுகிறார்.

பாம்புக் குடம்

அரசருடைய அன்பு ஸ்ரீவைஷ்ணவர்கள் பக்கம் பெருகப் பெருக, அமைச்சர்களுக்கு அது பொறுக்கவில்லை. அரண்மனையில் திருவாராதனப் பெருமாளுடைய ரத்ன ஹாரம் ஒன்றை அவர்களே ஒளித்து வைத்து, எப்போதும் உள்ளே வந்துபோகும் வைஷ்ணவர்களே எடுத்திருக்க வேண்டும் என்று முறையிட்டனர். ஆழ்வார் விசாரணைக்கு ஆள் அனுப்பவில்லை. கொடிய நாகத்தைக் குடத்திலிட்டுக் கொண்டுவரச் செய்து, எம்பெருமான் அடியார்கள் இது செய்யார் என்று சொல்லித் தம் கையை அக்குடத்துக்குள் விட்டார். பாம்பு தீண்டவில்லை. அமைச்சர்கள் நடுங்கி உண்மையைச் சொல்லி ஹாரத்தைக் கொண்டுவந்து வைத்தனர். மணக்கால் நம்பி அருளிய தனியன் இந்நிகழ்ச்சியைத்தான் போற்றுகிறது.

அடியார்களுக்காக ஓர் அரசர் தம் கையைப் பணயம் வைத்ததைக் கண்டோம். இரண்டாம் திருமொழியில் இதே நெஞ்சம் ஓர் உருவகமாகிறது. அடியார்களின் திருவடித் தூளியில் ஆடக் கிடைத்தால் கங்கையில் நீராடும் ஆசை எதற்கு என்கிறார். அடியார்கள் திருவரங்கன் முற்றத்தில் நின்று ஆறாகக் கண்ணீர் பெருக்க, அவர்கள் திருவடி பட்டு அங்கே சேறாகிறது. அந்தச் சேற்றைத் தம் சென்னியில் அணிவேன் என்கிறார். முடி சூடிய தலை அது. எந்த இடத்தில் மணிமுடி இருந்ததோ அந்த இடத்துக்கே சேற்றைக் கேட்கிறார். பகவானுக்கு அடிமை என்பதன் எல்லை நிலம் பாகவதர்களுக்கு அடிமையாதல் என்பது நம் ஸம்ப்ரதாயத்தின் ஆழ்ந்த அர்த்தம். தலையில் ஏறிய சேறு அதை ஒரு நொடியில் நமக்குப் புரியவைக்கிறது.

இறங்கும் வழி

திருவரங்கத்துக்குப் புறப்பட வேண்டும் என்று நாள்தோறும் நகரில் பறையறைவிப்பாராம். அவர் போய்விட்டால் நாடு என்னாவது என்று அஞ்சிய அமைச்சர்கள், அன்றன்று ஸ்ரீவைஷ்ணவர்கள் எழுந்தருளும்படி ஏற்பாடு செய்துவிடுவராம். அவர்களை உபசரிப்பதிலேயே அந்நாள் கழிந்துவிடும். அரங்கனை என்று காண்பேன் என்று ஏங்கும் முதல் திருமொழியை இப்பின்னணியில் படித்தால் அந்த ஏக்கத்தின் நீளம் புரியும். இறுதியில் தம் குமாரனுக்கு முடிசூட்டிவிட்டு ஆழ்வார் அரங்கத்தை அடைந்தார். திருமகளாரான சேரகுலவல்லியை நம்பெருமாளுக்கே அளித்தார். திருவரங்கப் பெரிய கோயிலில் அவருடைய திருநாமத்தால் குலசேகரன் திருவீதி இன்றும் விளங்குகிறது.

அரசைத் துறந்தவரின் மனநிலையைத் திருவேங்கடத்தைப் பற்றிய நான்காம் திருமொழியில் காணலாம். இப்பதிகத்தின் அமைப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பெரும்பாலான பாசுரங்களில் இரண்டு பொருள்கள் உள்ளன: வேண்டாம் என்று தள்ளுவது ஒன்று, ஆக வேண்டும் என்று வேண்டுவது ஒன்று. தள்ளுவன எல்லாம் பெரியவை. உடம்பைக் கொழுக்கச் செய்யும் செல்வம், மதயானையின் கழுத்தில் அமர்ந்து துய்க்கும் அரசின்பம், முழுமதி போன்ற வெண்குடையின் கீழ் மன்னர் மன்னனாக வீற்றிருத்தல், தேவமாதர் சூழ வானுலகை ஆளுதல். இவற்றில் சிலவற்றை நாம் கற்பனையிலும் கண்டதில்லை. ஆழ்வாரோ யானையின் கழுத்திலும் குடையின் கீழும் அமர்ந்தவர். ஏழை ஒருவன் யானை வேண்டாம் என்றால் அதற்கு எடை இல்லை. ஏறி இறங்கியவர் சொல்லும்போது எடை உண்டு.

வேண்டுவனவோ ஒன்றைவிட ஒன்று எளியவை. முதலில் கோனேரியில் வாழும் குருகு. அடுத்து அம்மலையின் சுனையில் மீன். பின்பு பொன்வட்டில் ஏந்தி உள்ளே புகும் கைங்கர்யம். அதன்பின் செண்பக மரம், ஒரு தம்பகம், பொற்சிகரம், கானாறு, அடியார் நடக்கும் வழி, கடைசியில் வாசற்படி. குருகுக்குச் சிறகு உண்டு, பறந்து போய்விடலாம். மீனுக்கு நீர் வற்றினால் வாழ்வில்லை. வட்டில் ஏந்துபவனுக்கு நாம் ஏந்துகிறோம் என்ற எண்ணம் தலைதூக்கலாம். இவ்வாறு ஒவ்வொன்றிலும் பிரிவுக்கோ அஹங்காரத்துக்கோ எஞ்சியிருக்கும் சிறு இடத்தையும் அடைத்துக்கொண்டே வருகிறார். உயிருள்ளதிலிருந்து அசையாததற்கும், அசையாததிலிருந்து பிறர் மிதிப்பதற்கும் இறங்குகிறார்.

படியில் வந்து நிற்கும்போது ஒரு திருப்பம் நிகழ்கிறது. படியாகக் கிடந்து, எம்பெருமானுடைய பவளம் போன்ற திருவாயைக் காண வேண்டும் என்கிறார். கல்லுக்குக் கண் ஏது? நம் பூர்வாசார்யர்கள் மிகவும் ஈடுபட்ட இடம் இது. சந்தனமும் பூவும் போல, இட்ட வழக்காக, தனக்கென்று ஒன்றுமின்றிக் கிடப்பது அசேதனத்தின் இயல்பு. ஸ்வாமியினுடைய முகமலர்ச்சியைக் கண்டு மகிழ்வது சேதனத்தின் இயல்பு. ஜீவாத்மா முன்னதைப் போல முழுவதும் பரதந்த்ரனாக இருக்க வேண்டும். பின்னதைப் போல அதில் ஆனந்தமும் கொள்ள வேண்டும். அடிமை என்றால் அறிவை இழப்பது என்று எண்ணுவோர்க்கும், அறிவு என்றால் தன் இச்சைப்படி நடப்பது என்று எண்ணுவோர்க்கும் கண் உடைய அந்தப் படியே விடை. விரித்து எழுதினால் பல பக்கங்கள் வேண்டிய இவ்வர்த்தத்தை ஆழ்வார் ஒரு கல்லில் வைத்துவிட்டார்.

நிளைக் கரையில்

இத்தனை தூரம் இறங்கியவருக்கு எம்பெருமான் துன்பமே தந்தால் என்ன செய்வார்? இந்தக் கேள்வியோடுதான் ஐந்தாம் திருமொழி தொடங்குகிறது. இது வேறு யாருக்காகவோ எழுந்த கேள்வி அன்று. சரணாகதி செய்த குடும்பத்திலும் நோய் வருகிறது. இளம் வயதினர் மறைகிறார்கள். நாள் தவறாமல் திருவாராதனம் செய்பவர் வீட்டிலும் கடன் ஏறுகிறது. அவனையே பற்றினோமே, பின் ஏன் இது என்று வாய்விட்டுக் கேளாதவரும் மனத்தில் கேட்டிருப்பர். அந்த ஏனுக்கு ஆழ்வார் காரணம் சொல்லவில்லை. கர்மத்தைப் பற்றிய விளக்கத்தையும் எடுக்கவில்லை. நீயே தரும் துயரத்தை நீயே விலக்காவிட்டாலும் உன்னையன்றி எனக்குப் புகல் இல்லை என்று நின்று, அதற்கு ஒன்பது உவமைகளைத் தருகிறார்.

இத்திருமொழி பெற்ற தலம் திருவித்துவக்கோடு. பாலக்காட்டு மாவட்டத்தில் பட்டாம்பிக்கு அருகே, நிளை என்னும் பாரதப்புழையின் கரையில் உள்ள மலைநாட்டுத் திருப்பதி. இதனைப் பாடிய ஆழ்வார் இவர் ஒருவரே. தம் சொந்த நாட்டு எம்பெருமானிடம் தம் உள்ளத்தின் மிகக் கடினமான இடத்தைத் திறந்து காட்டுகிறார்.

முதல் மூன்று உவமைகளும் மனித உறவுகள். சினம் கொண்டு தாய் விலக்கித் தள்ளினாலும் அவள் அருளையே நினைத்து அழும் குழந்தை. கண்டவர் இகழத்தக்கவற்றைக் கணவன் செய்தாலும் அவனையன்றி அறியாத குலமகள். எத்துயரம் செய்தாலும், தங்களைப் பாராமலே இருந்தாலும், அரசனுடைய செங்கோலை நோக்கியே வாழும் குடிகள். இரண்டாம் உவமையைக் கண்டு இக்காலத்தில் சிலர் தயங்குவர். ஆழ்வார் அங்கு இல்லறத்துக்கு விதி வகுக்கவில்லை. ஆளப் பிறந்த ஆண்மகனாகிய தம்மையே அந்தப் பெண்ணின் இடத்தில் வைக்கிறார். மூன்றாவது உவமை இன்னும் கூரியது. குடிகளை நோக்காத கோல் எப்படியிருக்கும் என்பது சிங்காசனத்திலிருந்து பார்த்தவருக்கே நன்கு தெரியும். அந்த மன்னர் இப்போது குடிகளின் வரிசையில் வந்து நின்று, தம்மை நோக்காத ஓர் அரசனை நோக்கிக்கொண்டிருக்கிறார். தாய், நாயகன், ஸ்வாமி என்று ஆத்மாவுக்கும் பரமாத்மாவுக்கும் உள்ள உறவுகளை நம் ஆசார்யர்கள் பிற்காலத்தில் எண்ணி வகுத்தனர். அவற்றில் எதுவும் துன்பத்தால் அறுவதில்லை என்பது இவ்வுவமைகளின் கருத்து.

நான்காவது, நோயாளி. மருத்துவன் கத்தியால் அறுக்கிறான், சூட்டுக்கோலால் சுடுகிறான். நோயாளிக்கு அவனிடத்தில் அன்பு குறைவதில்லை. அறுப்பதும் சுடுவதும் ஆயுர்வேதத்தில் சஸ்த்ர கர்மம், அக்னி கர்மம் என்று வகுக்கப்பட்ட முறைகள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பு கையெழுத்திட்டுக் கொடுத்தவர் எவரும் இவ்வுவமையின் பொருளை அறிவர். வலி தருபவன் பகைவனாக இருக்க வேண்டியதில்லை. இந்தப் பதிகத்தில் துன்பத்துக்குள் நன்மை இருக்கலாம் என்ற குறிப்பு இவ்வொரு இடத்தில்தான் வெளிப்படையாகத் தென்படுகிறது. அதையும் ஆழ்வார் வாதமாக நீட்டவில்லை. நோயாளியின் அன்பை மட்டும் காட்டி மேலே செல்கிறார்.

ஐந்தாவது, நடுக்கடலில் செல்லும் மரக்கலத்தின் பாய்மரத்தில் அமர்ந்த பறவை. அது எல்லாத் திசைகளிலும் பறந்து பார்க்கிறது. எங்கும் கரை இல்லை. மீண்டும் அந்தப் பாய்மரத்துக்கே வருகிறது. பழைய முசிறித் துறைமுகம் இருந்த கடற்கரையைச் சார்ந்த ஊர் ஆழ்வாருடையது. மரக்கலமும் கடற்பறவையும் அந்த நாட்டார் கண்ணுக்குப் பழகியவை. மற்ற உவமைகளில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. பறவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. வேறு புகல் தேடியதை ஆழ்வார் மறைக்கவில்லை. தேடிக் களைத்துத் திரும்புபவனுக்கும் பாய்மரம் அங்கேயே இருக்கிறது என்பது நம்மைப் போன்றோர்க்குப் பெரிய ஆறுதல். நம் ஸம்ப்ரதாயத்தில் சரணாகதனுக்கு வேண்டியவையாகச் சொல்லும் இரண்டு தகுதிகள் ஆகிஞ்சந்யமும் அநந்யகதித்வமும். அதாவது கைம்முதல் இல்லாமையும், வேறு புகல் இல்லாமையும். வங்கிப் பணியில் இருந்தபோது கைம்முதல் இல்லாதவனுக்குக் கடன் கொடுக்கத் தயங்கிப் பழகிய நமக்கு இவ்வர்த்தம் எளிதில் உள்ளே இறங்கவில்லை. இல்லாமையே தகுதியாகும் ஓர் இடம் உண்டு என்பதை அந்தப் பறவையிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம்.

ஆறு, ஏழு, எட்டாம் உவமைகளில் மனிதரும் இல்லை, பறவையும் இல்லை. நெருப்பே அருகில் வந்து வெப்பம் தந்தாலும் தாமரை மலர்வதில்லை. எங்கோ வானத்தில் இருக்கும் கதிரவனுக்கே மலர்கிறது. மழை பெய்ய வானம் எவ்வளவு காலம் மறந்தாலும் பயிர்கள் கருமுகிலையே பார்த்திருக்கின்றன. எங்கெங்கோ பரந்து ஓடினாலும் ஆறுகள் கடலில் புகாமல் வெளியே நிற்க மாட்டா. குழந்தை அழுவதை நிறுத்தலாம்; குடிகள் நாடுவிட்டுப் போகலாம்; நோயாளி மருத்துவனை மாற்றலாம். தாமரைக்கும் பயிருக்கும் ஆற்றுக்கும் அப்படி ஒரு வழியே இல்லை. அவை ஆலோசித்து முடிவு செய்தவை அல்ல. அவற்றின் இயல்பே அது. ஆகவே உறவில் தொடங்கிய உவமைகள் ஸ்வரூபத்தில் வந்து நிலைக்கின்றன. உன்னைப் பற்றியிருப்பது என் தீர்மானம் என்று தொடங்கினால், துன்பம் மிகும்போது தீர்மானம் தளரலாம். அது என் இயல்பு என்று அறிந்தபின் தளர்வதற்கு எதுவும் இல்லை. இந்தப் பதிகத்தின் வரிசையில் நாம் காணும் தத்துவம் இதுவே.

ஆற்றின் உவமையில் இன்னுமொரு நுட்பம் உள்ளது. ஆறுகள் பெயரையும் உருவையும் விட்டுக் கடலில் சேர்வதை முண்டக உபநிஷத்தும் கூறுகிறது. ஜீவனும் பிரமமும் ஒன்றே என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ளும் தர்சனமும் உண்டு. ஆழ்வார் அதே காட்சியை எடுக்கிறார். ஆனால் தாம் புகுவது எம்பெருமானுடைய சீர்களில், அதாவது கல்யாண குணங்களில், என்கிறார். குணங்கள் அற்ற ஒன்றில் கரைந்து போவதை அவர் நாடவில்லை. எல்லையற்ற குணக்கடலில் புகுந்து அநுபவிப்பதையே நாடுகிறார். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் நிலைநாட்டிய ஸவிசேஷ ப்ரஹ்மம் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இவருடைய திருமொழிக்கு அவர் தனியன் அருளிச்செய்ததில் வியப்பு என்ன? நிளை நதி பொன்னானியில் கடலைச் சேர்கிறது. வித்துவக்கோட்டுக் கரையில் நிற்பவருக்கு இவ்வுவமை கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும்.

ஒன்பதாவதில் காட்சி தலைகீழாகிறது. எம்பெருமானை மட்டுமே வேண்டிச் செல்வத்தை வேண்டாதவனைச் செல்வம் தானே தேடி வந்து பற்றுகிறது. அவன் எவ்வளவு விலக்கினாலும் அது விடுவதில்லை. அந்தச் செல்வம் போல, நீ என்னை வேண்டாவிட்டாலும் நான் உன்னையே வேண்டி நிற்பேன் என்கிறார். சேர நாட்டின் செல்வத்தை விலக்கியவர், தம்மை விடாமல் தொடர்ந்த அந்தச் செல்வத்திடமிருந்தே எம்பெருமானைத் தொடரும் வகையைக் கற்றுக்கொண்டார் போலும்.

போல என்னும் சொல் மறைந்தபோது

ஐந்தாம் திருமொழியின் உவமைகளில் போல என்னும் சொல் பாலமாக நிற்கிறது. அடுத்து வரும் திருமொழிகளில் அந்தப் பாலமும் மறைகிறது. ஆறாவதில் ஆழ்வார் கண்ணனோடு ஊடும் ஆய்ச்சியர். ஏழாவதில், பெற்றும் பிள்ளையின் குழந்தைப் பருவத்தைக் காணப்பெறாத தேவகி. எட்டாவதில் திருக்கண்ணபுரத்து எம்பெருமானை இராமனாகக் கண்டு தாலாட்டும் கௌசல்யை. ஒன்பதாவதில், சொன்ன சொல்லுக்காகப் பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டுப் புலம்பும் தசரத சக்ரவர்த்தி. கரனோடு பெருமாள் தனியே நிற்கிறார் என்று கேட்டு எழுந்தோடிய உள்ளம் இவற்றில் மறுபடியும் தெரிகிறது.

தசரதனுடைய புலம்பலை நாம் ஐந்தாம் திருமொழியோடு சேர்த்து அநுஸந்திக்க வேண்டும். அரசு, குடை, படை எல்லாம் இருந்தும் பெருமாள் இல்லாமற்போன அரண்மனை எதற்கும் பயனற்றதாகிறது. ஆழ்வாரும் அரசர். பெருமாளை விட்டு அரசை வைத்துக்கொண்டவனுடைய துயரம் எத்தகையது என்பதை அவர் தசரதனாக நின்று அறிந்தார். தம் வாழ்க்கையில் அரசை விட்டுப் பெருமாளைப் பற்றினார். பத்தாம் திருமொழியில் தில்லைத் திருச்சித்ரகூடத்தெம்பெருமானை முன்னிட்டு இராமாயணம் முழுவதையும் சுருக்கமாகப் பாடி நிறைவு செய்கிறார். இவ்வாறு 105 பாசுரங்கள் பெருமாள் திருமொழியாக முதலாயிரத்தில் விளங்குகின்றன. வடமொழியில் முகுந்தமாலையும் இவர் அருளியதாகவே அநுஸந்திக்கப்படுகிறது. பெரியவாச்சான் பிள்ளையின் வ்யாக்யானத்தைத் துணைகொண்டு திருமொழியைப் படிப்பவர்களுக்கு, இங்கு நாம் தொட்டுச் சென்றவை ஒவ்வொன்றும் பன்மடங்கு விரியும்.

ஆழ்வார் தம் கடைசிக் காலத்தில் பல திவ்யதேசங்களை ஸேவித்துக்கொண்டு, பொருநை பாயும் நாட்டில் அம்பாஸமுத்திரத்துக்கு அருகே உள்ள மன்னார்கோயிலை அடைந்து, அங்கு ராஜகோபாலனைத் தொழுது வாழ்ந்து பரமபதம் அடைந்தார் என்பது பெரியோர் வாக்கு. அங்கு அவருக்குத் தனி ஸந்நிதி உண்டு.

அன்பர்கள் வெளிநாடுகளில் வாழ்கிறீர்கள். கோயில் தொலைவில் இருக்கலாம். துன்பம் வரும் நாளில் ஐந்தாம் திருமொழியின் பத்துப் பாசுரங்களையும் வரிசை மாறாமல் அநுஸந்தித்துப் பாருங்கள். ஏன் என்ற கேள்வி அன்றே தீர்ந்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். அழும் குழந்தை, நோயாளி, பறவை, பயிர் என்று நம் அன்றைய நிலைக்குப் பொருந்தும் ஓர் இடம் அங்கே நிச்சயம் கிடைக்கும். அந்த இடத்தில் நமக்கு முன்பே ஓர் அரசர் நின்றுகொண்டிருப்பார். அடுத்த முறை ஸந்நிதியில் நிற்கும்போது, திருமுகமண்டலத்தைக் கண்ட கண்களால் அந்தப் படியையும் ஒரு முறை ஸேவிப்போம். அது கிடக்கிறது, கிடந்தபடியே கண்டுகொண்டிருக்கிறது.

குலசேகரப் பெருமாள் திருவடிகளே சரணம்.